குளியலறைக் கூரைக்கு வாங்கிய சாமான்கள்: எது உழைத்தது, எது பெயர் வாங்கியது

குளியலறைக் கூரையில் பெயின்ட் உரிய ஆரம்பித்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'குளியலறைக்கென்றே தயாரித்தது' என்று போட்ட பெயின்ட்தான். பூசணம் அண்டாது, நீராவி தாங்கும், தேய்த்துக் கழுவலாம் என்று டின்னின் முன்பக்கம் முழுக்க வாக்குறுதி. நானும் வாங்கினேன். கூடவே ஒரு நல்ல சுரண்டி, பட்டி, கறையை அடக்கும் பிரைமர், நிறமே இல்லாத இன்னொரு பிரைமர். வேலை முடிந்து வருடம் தாண்டிவிட்டது. மதிப்பெண் போடும் அளவுக்கு அந்தக் கூரை நீராவி குடித்துவிட்டது. முதல் மதிப்பெண் அழகான டின்னுக்கு இல்லை. யாரும் கேட்டு வாங்காத அந்த நிறமற்ற பிரைமருக்குத்தான்.

கம்பெனிப் பெயர் எதையும் சொல்லவில்லை. ஒரே சரக்கை இடத்துக்கு ஒரு பெயரில் விற்கிறார்கள். டின்னைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் வகை தெரிந்துவிடும். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எந்த டின்னையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். கழுத்து வலியால் ஏணி ஏறி மேலே பார்த்து வேலை செய்ய முடியாது. அதனால் சாமான் வாங்கியது நான், அடித்தது ஒரு பெயின்டர். அவருக்கும் கடைசியில் மதிப்பெண் உண்டு.

சாமான் கதைக்கு முன்னால் ஒரு விஷயம். பெயின்ட் ஏன் உரிகிறது என்பதை உரிந்து விழுந்த செதிலே சொல்லும். ஒன்றை எடுத்து முதுகைப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அடியில் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. பெயின்ட் கூரையைப் பிடிக்கவில்லை, பொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால், பளபளப்பான பழைய எண்ணெய்ப் பெயின்ட்டின் மேல் உப்புத்தாள் தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள். மணலும் காரையும் சேர்ந்து வந்தால் காரையே ஓதம் ஏறி நொந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி உப்புப் பூத்திருந்தாலும் அதே கதைதான். கடைசி வகைக்கு நான் கீழே சொல்லப்போகும் எந்தச் சாமானும் உதவாது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும், பிறகு காரையைக் கொத்திப் பூச வேண்டும்.

என் வீட்டுச் செதிலின் முதுகில் வெள்ளைப் பொடி. விரலால் தடவினால் சாக்பீஸ் தொட்ட கை மாதிரி ஆனது. ஆனாலும் மேலே குழாய் ஓடுகிறது, முன்பு எப்போதோ அது கசிந்து சரிசெய்த இடத்தில் பழுப்பு வளையம் வேறு இருந்தது. அதனால் கூரைக்குள் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். 45 செ.மீ. சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுக் கூரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளுக்கும் கூரைக்கும் நடுவில் ஈரம் கோத்திருந்தால் ஈரம் கூரைக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது குளிக்கும்போது எழும் ஆவி. கான்கிரீட்டுக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் டி4263 என்ற சோதனை இதுதான்; வீட்டில் செய்ய எந்தத் தடையும் இல்லை. என் தாளில் அறைப் பக்கம்தான் நனைந்தது. எனவே பிளம்பரை விட்டுவிட்டுப் பெயின்டரைக் கூப்பிட்டேன்.

சுரண்டியைப் பற்றிச் சுருக்கமாக. வளையும் தகடு பட்டி பார்க்க நல்லது, சுரண்டுவதற்கு ஆகாது. கெட்டித் தகடு, கைப்பிடி நீளமாக, ஒரு பக்கம் கார்பைடு முனை வைத்தது வாங்கினோம். பெயின்டருக்கே பிடித்துப்போய்விட்டது. சுரண்டும்போது உரிந்த இடத்தோடு நிறுத்தக் கூடாது. தகடு போய் முட்டி நிற்கும் வரை, அதாவது பெயின்ட் உண்மையிலேயே பிடித்திருக்கும் ஓரம் வரும் வரை போக வேண்டும். எங்கள் கூரையில் கண்ணுக்குத் தெரிந்த உரிவைப் போலப் பல மடங்கு பரப்பு கையோடு வந்துவிட்டது. வீடு மிகப் பழையது என்றால் இந்த இடத்தில் நிதானியுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே 1978-ல்தான் வீட்டுப் பெயின்ட்டில் அதைத் தடை செய்தார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், முகமூடி இல்லாமல் ஏணி ஏற வேண்டாம்.

பூசணத்துக்கு ஒரு வரி: பெயின்ட் அடித்து அதைக் கொல்ல முடியாது, முன்னாலேயே கழுவித் துடைக்க வேண்டும். பிளீச் எடுப்பவர்கள் அதோடு கழிவறை ஆசிட்டையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ சேர்த்துவிடாதீர்கள். ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின்; ஜன்னல் இல்லாத அறையில் அந்த நச்சு வாயுவோடு மாட்டிக்கொள்வது விளையாட்டு இல்லை.

இனி நிறமற்ற பிரைமர். டின்னில் பைண்டிங் பிரைமர், பெனிட்ரேட்டிங் பிரைமர், ஸ்டெபிலைசர் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். திறந்தால் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். சாதாரண பிரைமரை எதிர்பார்த்துத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். எங்கள் பெயின்டர் டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஏமாத்திட்டாங்களா? வெறும் தண்ணியா இருக்கே" என்றார்.

தண்ணீராக இருப்பதுதான் அதன் வேலையே. சாதாரண வெள்ளை பிரைமரில் நிறமிகள் நிறைய. கெட்டியாகப் பரப்பின் மேலேயே தங்கும். அடியில் பொடி இருந்தால் அதுவும் பொடியின் மேல்தான் உட்காரும், அடுத்த நீராவியில் பொடியோடு சேர்ந்து இறங்கும். நிறமற்ற வகையில் பிசின் துகள்கள் மிகச் சிறியவை, தடுக்க நிறமியும் இல்லை. பொடிக்குள் இறங்கி, துகளைத் துகளோடு பிணைத்து, அதற்கும் கீழே இருக்கும் காரையைப் போய்ப் பிடிக்கிறது. உரிந்த இடத்தைச் சுற்றியிருக்கும் பழைய பெயின்ட்டின் ஓரத்துக்கு அடியிலும் கொஞ்சம் புகுந்து ஒட்டுகிறது. அந்த ஓரம்தான் எப்போதும் முதலில் தூக்கும் இடம்.

சோதிக்காமல் நம்ப எனக்கு மனசு வராது. காய்ந்த பிறகு கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்க்கச் சொன்னேன்; வெள்ளை வரவில்லை. பக்கத்தில் பிரைமர் படாத ஒரு மூலையில் அதே துணி வெளுத்துப்போனது. பிறகு பிளேடால் ஒரு எக்ஸ் கீறி, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, சரக்கென்று இழுத்துப் பார்த்தோம். பிரைமர் போட்ட இடத்தில் டேப் சுத்தமாக வந்தது. போடாத மூலையில் பழைய பூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. அந்த டேப்பைப் பார்த்த பிறகு பெயின்டர் 'தண்ணி' பேச்சை எடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. கூரையில் அடிக்கும்போது சொட்டும், நிறையவே சொட்டும். ரோலரை நனைத்ததும் தட்டில் நன்றாகப் பிழிய வேண்டும். தரையையும் வாஷ்பேசினையும் மூடி வைத்தாலும் குழாயின் மேல் விழுந்த சொட்டு காய்ந்தால் வார்னிஷ் துளியாக நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால்தான் போகும். கண்ணாடி அணியாமல் மேலே பார்க்கவே கூடாது. நிறம் இல்லாததால் எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்பதும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் ஈரப் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். முக்கியமான குறை இன்னொன்று: அளவு மீறினால் உள்ளே இறங்காத மிச்சம் மேலே பளபளவென்று படலமாகிவிடும். அதன் மேல் அடுத்த பூச்சு பிடிக்காது. எந்த நோய்க்கு மருந்து வாங்கினோமோ அதே நோய் திரும்பும். மெல்லிய ஒரு கோட், பொடி அதிகம் உறிஞ்சும் இடத்தில் மட்டும் இரண்டாவது. பளபளத்த இடத்தை உப்புத்தாளால் லேசாக மங்கவைத்துவிட வேண்டும். கறையை இது மறைக்காது, ஈரக் கூரையைக் காயவைக்காது, ஆடிக்கொண்டிருக்கும் செதிலைத் திரும்ப ஒட்டவைக்கவும் செய்யாது. இவ்வளவு குறையோடும் ஐந்துக்கு ஐந்து.

பட்டிக்கு மூன்றரை. சரக்கு சுமாரானதுதான், ஆனால் வகை சரி. ஜிப்சம் அடிப்படையில் வரும் ரெடிமேட் பட்டி உலர்ந்த அறைக்கு அருமை. ஆவி அறையில் திரும்பத் திரும்ப ஈரம் குடித்து இளகும். சிமென்ட் அடிப்படை அல்லது வெளிச்சுவருக்கென்று போட்ட அக்ரிலிக் பட்டி வாங்குங்கள். நாங்கள் அக்ரிலிக் எடுத்தோம். தேய்ப்பதற்குக் கொஞ்சம் கடினம், பெயின்டர் முணுமுணுத்தார். பழைய பெயின்ட்டின் ஓரம் படி மாதிரி நிற்காமல் சரிந்து கலந்துபோக வேண்டும்: முதலில் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. அந்தப் படியை விட்டுவிட்டால் விளக்கைப் போட்டதும் கூரையில் தேசப்படம் தெரியும்.

கறை அடக்கும் பிரைமர், பழுப்பு வளையத்துக்கு மட்டும். சாதாரண எமல்ஷனை எத்தனை கோட் அடித்தாலும் தண்ணீர்க் கறை ஊறி மேலே வந்துகொண்டே இருக்கும். கறையில் இருப்பது தண்ணீரில் கரையும் பொருள், எமல்ஷனும் தண்ணீரில் கரைத்தது. கரைப்பான் மாறினால்தான் கறை அடங்கும். எண்ணெய் வகை, ஷெல்லாக் வகை இரண்டும் உண்டு. நான் எடுத்தது ஷெல்லாக்: மரத்தில் வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் அரக்கைச் சுத்தம் செய்து ஆல்கஹாலில் கரைத்தது. சுமார் முக்கால் மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயார். கறை ஒரே கோட்டில் அடங்கியது. நாற்றம் மட்டும் தாங்காது. ஆவி தீப்பிடிக்கக்கூடியது, பக்கத்தில் கேஸ் ஹீட்டர் ஓடக் கூடாது, கதவும் ஃபேனும் திறந்தே இருக்க வேண்டும். பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவ முடியாது, மட்டமான பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு தூக்கிப்போட்டுவிடுவது நல்லது. புதிதாகச் சிமென்ட் காரை பூசிய இடம் என்றால் இந்த இரண்டு வகையும் வேண்டாம். பச்சைக் காரையில் காரத்தன்மை அதிகம். எண்ணெயை அது சோப்பாக மாற்றிவிடும், அரக்கையும் கரைக்கும். மாணவர்களுக்கு ஆய்வகத்தில் ஆசையாகச் செய்து காட்டிய வினை, கூரையில் நடந்தால் ரசிக்க முடியாது. சிமென்ட் காரை ஆறுவதற்கு 28 நாள் கணக்கு வைத்துக்கொண்டு, பிறகு காரம் தாங்கும் அக்ரிலிக் பிரைமர் போடுங்கள். கறைக்கு நாலரை, நாற்றத்துக்கு அரை மதிப்பெண் கழித்தாகிவிட்டது.

இப்போது பெயர் வாங்கியவர்: குளியலறைப் பெயின்ட். மோசமான சரக்கு இல்லை, நன்றாகவே மூடுகிறது. ரோலரிலிருந்து அதிகம் தெறிக்கவில்லை. பாதிப் பளபளப்புக்குப் போகாமல் ஈரம் தாங்கும் மேட் வகையைக் கேட்டு வாங்கியது கூரைக்கு நல்லதாகப்போயிற்று. பளபளப்பு கூடக்கூடப் பட்டி பார்த்த ஒவ்வொரு மேடும் பள்ளமும் கண்ணில் படும். ஆனால் 'பூசணம் வராது' என்ற வாக்கைக் கொஞ்சம் இறக்கிப் படிக்க வேண்டும். உள்ளே கலந்திருப்பது பூசணக்கொல்லி. பெயின்ட் படலத்தின் மேல் புதிதாக வளர்வதை அது தடுக்கும். அடியில் ஏற்கெனவே இருப்பதை ஒன்றும் செய்யாது. ஆவி பட்டுப் பட்டு வருடங்கள் போகப்போக அதன் வீரியமும் குறையும். சோப்பு ஆவியும் தூசியும் படிந்த கூரையைத் துடைக்காமல் விட்டால் பூசணத்துக்கு அந்த அழுக்கே போதும்.

ஒரு எச்சரிக்கை இந்த டின்னின் முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அடித்த சில வாரங்களில் கூரையில் அங்கங்கே பழுப்பாக, தேன் வடிந்தது போல ஒட்டும் கோடுகள் வந்தன. வீட்டில் எல்லோரும் கறை திரும்பிவிட்டது என்றார்கள், பெயின்டரைத் திட்டவும் தயாராகிவிட்டார்கள். அது கறை இல்லை. எமல்ஷன் பெயின்ட் தண்ணீரில் கலந்து நிற்பதற்காகச் சோப்பு போன்ற சில பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். படலம் முழுதாக இறுகும் முன்னே ஆவி குளிர்ந்து அதன் மேல் துளித்தால், அவை வெளியே இழுக்கப்பட்டு வழிந்து காய்ந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தேன், போய்விட்டது. மறுபடி கொஞ்சம் வந்தது, மறுபடி துடைத்தேன், பிறகு வரவே இல்லை. தொட்டால் ஒட்டாது என்ற நிலைக்கு ஒரு மணி நேரம் போதும். முழுதாக இறுக இரண்டிலிருந்து நான்கு வாரம். அறை ஈரமாகவே இருந்தால் இன்னும் தள்ளும். ஒன்றிரண்டு நாளாவது வெந்நீரில் குளிப்பதை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தக் கோடுகள் குறையும். இதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். இப்போதைக்கு மூன்றரை.

பெயின்டருக்கு வருவோம். வந்த அன்றே அவர் போட்ட திட்டம் வேறு. "இதுக்கெல்லாம் தனி மருந்து எதுக்கு டீச்சர்? சுரண்டிட்டு ஒரு பட்டி பார்த்துட்டு ரெண்டு கோட்டு எமல்ஷன் ஓட்டினா ஜம்முன்னு இருக்கும்."

"இருக்கும் தம்பி. எத்தனை நாளைக்கு?"

சிரித்துவிட்டார். "அது தண்ணி புழங்குற இடம், நாம என்ன கேரன்டியா குடுக்க முடியும்?"

இந்தப் பதிலை எந்தப் பெயின்டரிடமும் கேட்கலாம். பொய்யில்லை, நேர்மையாகத்தான் சொல்கிறார். ஆனால் உரிவதை இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார். வேலைத் திறமையில் குறை சொல்ல மாட்டேன். ரோலருக்கு நீளக் கழி மாட்டி, ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையைச் சேர்த்து, ஒரு கோடு தெரியாமல் அடித்தார். விளக்கைச் சுற்றி அடிக்கும் முன் மெயினை அணைக்கச் சொன்னதும் அவர்தான். பெயின்ட்டில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றப் பார்த்தார். டின்னில் போட்ட அளவைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். காயும் நேரத்தில் அவசரம். நிறமற்ற பிரைமர் போட்டுவிட்டு டீ குடித்து வந்து அடுத்த கோட் ஆரம்பிக்கலாமா என்று கேட்டார், நான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். கைக்கு ஐந்து, பொறுமைக்கு இரண்டு. மறுபடி கூப்பிடுவேன், ஆனால் சாமான் நானே வாங்கி வைத்திருப்பேன்.

ஃபேன் இந்த விமர்சனத்தில் சேராது என்றாலும் அதைச் சொல்லாமல் விட்டால் மேலே கொடுத்த மதிப்பெண்களுக்கு அர்த்தமில்லை. 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி தாங்கும். அதே காற்று 20 டிகிரிக் கூரையில் பட்டால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் கூரையில் தண்ணீராக இறங்கும், தினமும். குளியலறை ஃபேன் தேவைக்கு மட்டும் ஓடுவதானால் நிமிடத்துக்கு 50 கன அடி காற்றாவது வெளியேற்ற வேண்டும் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் காற்றோட்டத் தரமுறை. எங்கள் பழைய ஃபேன் சத்தம் போட்டதே தவிர இழுக்கவில்லை. ஒரு டிஷ்யூ தாளை அதன் வாயில் பிடித்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் தூசி அடைத்திருக்கிறது, அல்லது கதவுக்கு அடியில் காற்று உள்ளே வர வழியில்லை. எங்களுக்கு இரண்டுமே. இறக்கைகளைக் கழுவி, கதவின் அடியை ஒரு விரல் அகலம் இழைத்த பிறகு தாள் ஒட்டியது. குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடவிடுகிறோம். ஃபேன் வாய் வெளியே திறக்காமல் பொய்க்கூரைக்குள் திறந்தால், ஆவியை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது கூரை எப்படி இருக்கிறது? சுத்தமாக இருக்கிறது, ஒரே ஒரு இடம் தவிர. விளக்கு மாட்டியிருக்கும் வட்டத் தகட்டின் ஓரத்தில் ஒரு நகத்தளவு தூக்கியிருக்கிறது. அந்தத் தகட்டைக் கழற்றாமல் சுற்றி அடித்ததால் நிறமற்ற பிரைமர் அதன் அடிவரை போகவில்லை. செதிலின் முதுகில் அதே வெள்ளைப் பொடி. டின்னில் மிச்சம் கொஞ்சம் மூடி வைத்திருக்கிறேன். அடுத்த முறை பெயின்டர் வரும்போது முதலில் தகட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும்.